துண்டுகளாய் வரும் திருவள்ளூர்

10/739/473.

பார்த்தால் தாலுகா அலுவலகக் கோப்பு எண்போல இருக்கிறது. ஆனால் இது கும்மிடிப்பூண்டியின் முகவரி. தபால்காரருக்கு இது உதவாது. இணையத்தில் வரைபடம் காட்டும் மென்பொருளுக்கு இதுவே போதும். கைப்பேசியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத் திறந்து, ஜி.என்.டி. சாலை வழியே விரலால் தள்ளிக்கொண்டே வடக்கே போய்ப் பாருங்கள். விரல் நகர நகர, உலாவி எங்கோ இருக்கும் சர்வரிடம் இப்படிப்பட்ட எண்களைத்தான் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் எண் உருப்பெருக்க நிலை. பூஜ்ய நிலையில் உலகம் முழுவதும் ஒரே சதுரம். அடுத்த நிலையில் அது நான்கு சதுரம், அதற்கடுத்து பதினாறு. பத்தாம் நிலைக்கு வரும்போது உலகம் 1,024 நிரல்களும் 1,024 நிரைகளுமாக வெட்டுப்பட்டிருக்கும். மேற்கிலிருந்து எண்ணினால் 739-ஆம் நிரல், வடக்கிலிருந்து எண்ணினால் 473-ஆம் நிரை. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். அந்தச் சதுரம் தரையில் பக்கத்துக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, ஊத்துக்கோட்டை மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். பொன்னேரியும் பழவேற்காடும் கிழக்கே அடுத்த துண்டில், அதாவது 10/740/473-இல் இருக்கின்றன. மாவட்டத் தலைநகரான திருவள்ளூர் ஒரு துண்டு கீழே. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் வடகிழக்கு மூலைத் துண்டில்.

இந்த வெட்டுமுறை வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. வரைபடம் தயாரிப்பவர்களின் கருவிகள் அதற்குள் பலமுறை மாறிவிட்டன. இன்று ஒரு மாவட்டத்தின் வரைபடத்தை இணையத்தில் ஏற்ற பெரிய நிறுவனம் வேண்டாம். மடிக்கணினியும் பொறுமையும் உள்ள ஒருவர் போதும். அந்த மாற்றம் எப்படி வந்தது, அது தீர்த்துவைத்த சிக்கல் எது, தீர்க்காமல் விட்டது எது என்று இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். தொழிற்சாலை, ஏரி, வயல், உப்பங்கழி, மாநில எல்லை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் வடமூலை அதற்குப் பொருத்தமான இடம்.

சதுரமாக வெட்டிய உலகம்

2005-க்கு முன்பும் இணையத்தில் வரைபடங்கள் இருந்தன. அம்புக்குறியை அழுத்தினால் சர்வர் புதிதாக ஒரு படத்தை வரைந்து அனுப்பும். பக்கம் முழுவதும் வெள்ளையாகி மறுபடி வரும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் ஆயிரம் முறை வரைய வேண்டும்.

2005 பிப்ரவரியில் வெளிவந்த கூகுள் மேப்ஸ் இந்த வேலையைத் தலைகீழாக்கியது. உலகத்தை முன்கூட்டியே வரைந்து, 256 புள்ளி அகலமும் அதே உயரமும் உள்ள சதுரங்களாக வெட்டி அடுக்கி வைத்துவிடுவது. திரையில் எந்தப் பகுதி தெரிகிறதோ அதற்கான சதுரங்களை மட்டும் அனுப்புவது. பதினெட்டாம் நிலையில் உலகத்துக்கு மொத்தம் 6,871 கோடி சதுரங்களுக்கு மேல் வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அந்த நிலையில் ஒரு புள்ளி என்பது தரையில் சுமார் 58 சென்டிமீட்டர். ஆனால் உங்கள் திரைக்கு ஒரே சமயத்தில் வேண்டியது சில டஜன் சதுரங்கள்தான். வேண்டிய துண்டை மட்டும் எடு, மற்றதைத் தொடாதே. இணைய வரைபடத் துறையில் பின்னால் வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் இந்த ஒரு விதியை இன்னும் கறாராகப் பின்பற்றியதன் விளைவுதான்.

திறந்த உலகமும் கூடவே வளர்ந்தது. ஸ்டீவ் கோஸ்ட் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவை வரையலாம். யார் வேண்டுமானாலும் அந்தத் தரவை எடுத்துக்கொள்ளலாம். 2006-இல் உலாவியில் வரைபடம் காட்டும் திறந்த நிரல்தொகுப்பான ஓப்பன்லேயர்ஸ் வந்தது. 2011-இல் உக்ரைனைச் சேர்ந்த விளாதிமிர் அகஃபோன்கின் வெளியிட்ட லீஃப்லெட், பத்துப் பதினைந்து வரி நிரலில் ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் ஒட்டிவிடலாம் என்று காட்டியது. கல்லூரி புராஜெக்ட் முதல் அரசுத் தளம் வரை இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

லீஃப்லெட்டில் கைவைக்கும் புதியவர் எல்லோரும் விழும் ஒரு குழி உண்டு. லீஃப்லெட் முதலில் அட்சரேகையைக் கேட்கும், பிறகு தீர்க்கரேகையை. தரவு வந்துசேரும் ஜியோஜேசன் வடிவமோ முதலில் தீர்க்கரேகையைச் சொல்லும். கும்மிடிப்பூண்டி 13.41 பாகை வடக்கு, 80.11 பாகை கிழக்கு. வரிசையை மாற்றிப் போட்டுவிட்டால் அது 80.11 பாகை வடக்கு, 13.41 பாகை கிழக்கு ஆகிவிடும். அந்த இடம் ஆர்க்டிக் வட்டத்துக்குள், ஸ்வால்பார்ட் தீவுகளின் வடகரைக்கு அப்பால் கடலில் இருக்கிறது. சிப்காட் தொழிற்சாலைகளெல்லாம் பனிக்கரடிகளின் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது.

நூறு ஏக்கர் நூற்றாறு ஆகும் கதை

சதுரமாக வெட்டுவதற்கு முன் உருண்டையைத் தட்டையாக்க வேண்டும். இணைய வரைபடங்கள் இதற்குக் கையாள்வது ஜெரார்டஸ் மெர்கேட்டர் 1569-இல் கடலோடிகளுக்காக உருவாக்கிய முறையின் எளிய வடிவம். வெப் மெர்கேட்டர் என்பார்கள். இதில் திசைகள் கோணாது, தெருமுனைகள் செங்கோணமாகவே தெரியும், சதுரம் சதுரமாக வெட்ட வசதி. அதற்கு விலையாக, நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக எல்லாமே பெரிதாகிக்கொண்டே போகும். ஹெல்சிங்கியில் பரப்பளவு நான்கு மடங்காகத் தெரிவது இதனால்தான்.

நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கணக்கில் தெரியும். கும்மிடிப்பூண்டி அட்சரேகையில் நீளம் சுமார் மூன்று சதவீதம் கூடுகிறது. பரப்பில் அது ஆறு சதவீதம். நூறு ஏக்கர் நிலத்தின் எல்லையை வரைபடத்தில் வரைந்து, அந்தத் தட்டைக் கட்டத்திலேயே பரப்பைக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 106 ஏக்கர் என்று வரும். இல்லாத ஆறு ஏக்கர்! தொழிற்பேட்டை நிலவிலையில் அது சின்னத் தொகையில்லை. விவரம் தெரிந்த நிரலாளர் வெப் மெர்கேட்டரைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வார். அளப்பதென்றால் திருவள்ளூர் மாவட்டத்துக்குரிய யு.டி.எம். 44 வடக்கு மண்டலத்துக்குத் தரவை மாற்றிக்கொள்வார். இல்லையென்றால் பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிடும் நிரல்களைப் பயன்படுத்துவார்.

ஸ்டிக்கர் கோலமும் புள்ளிக் கோலமும்

படச் சதுரங்களில் ஒரு வசதிக்குறைவு இருந்தது. வரைந்தது வரைந்ததுதான். சாலையின் நிறத்தை மாற்ற வேண்டும், ஊர்ப்பெயர் தமிழில் வேண்டும், இரவில் கறுப்புப் பின்னணி வேண்டும் என்றால் கோடிக்கணக்கான சதுரங்களை மறுபடி வரைய வேண்டும். வாசலில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலத்தில் ஒரு இழையை மாற்ற முடியாதல்லவா? புள்ளிகளின் கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போடுகிறவர் தன் விருப்பப்படி இழை இழுத்துக்கொள்ளலாம், வண்ணமும் நிரப்பிக்கொள்ளலாம். வெக்டர் துண்டு என்பது இந்த இரண்டாவது வகை. அதில் படம் இருக்காது. இந்தப் புள்ளியிலிருந்து இந்தப் புள்ளிக்கு நெடுஞ்சாலை, இந்த எல்லைக்குள் ஏரி, இந்த இடத்தில் இந்தப் பெயர் என்ற விவரம் மட்டும் இருக்கும். வரைவது உங்கள் கைப்பேசியின் வரைகலைச் சில்லு.

இதனால் துண்டுகளின் எண்ணிக்கையும் சடாரென்று குறைந்தது. பதினான்காம் நிலையில் ஒரு துண்டு நம் பகுதியில் 2.4 கிலோமீட்டர் அகலம். வெக்டர் துண்டுக்குள் வழக்கமாக 4,096 கட்டங்கள் உண்டு. வகுத்துப் பார்த்தால் ஒரு கட்டம் அதே 58 சென்டிமீட்டர். படமாக இருந்தபோது பதினெட்டாம் நிலை வரை போய்ப் பெற்ற நுணுக்கம் இப்போது பதினான்கிலேயே கிடைத்துவிடுகிறது. 6,871 கோடி துண்டுகள் இருந்த இடத்தில் 26.8 கோடி போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் அதே கோடுகளை உலாவியே பெரிதாக வரைந்துகொள்ளும்.

தமிழுக்கு மட்டும் இந்த முன்னேற்றம் ஒரு தலைவலியோடு வந்தது. படச் சதுரக் காலத்தில் சர்வர்தான் எழுத்தையும் வரைந்தது. தமிழ் எழுத்துகளைச் சேர்த்து எழுதும் மென்பொருள் அங்கே இருந்தது. வெக்டர் முறையில் உலாவிக்கு எழுத்துருக்கள் 256 குறிகள் கொண்ட பொட்டலங்களாக வரும்; மென்பொருள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு இது போதும். பொன்னேரியில் வரும் ‘னே’ கணினியில் முதலில் னகரமாகவும் பிறகு இரட்டைக்கொம்பாகவும் பதிந்திருக்கிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தைச் சேர்க்கும் மென்பொருளின் வேலை. அது இல்லாதபோது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கும்மிடிப்பூண்டியில் வரும் கு, மி, டி, பூ எல்லாம் உடைந்து, குறிகள் தனித்தனியாகத் தொங்கின. அரபு மொழிக்குத் தனிச் செருகுநிரல் வந்த பிறகும் இந்திய மொழிகள் நெடுங்காலம் காத்துக் கிடந்தன. எழுத்துகளை முன்கூட்டியே சேர்த்து வைப்பது, உலாவியின் சொந்த எழுத்துருவிடமே வரையச் சொல்வது என்று பல வழிகளில் தன்னார்வலர்கள் இதைச் சரிசெய்து வருகிறார்கள். தமிழில் வரைபடம் போடுகிறவர், வெளியிடுமுன் பொன்னேரியையும் கும்மிடிப்பூண்டியையும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுவது நல்லது. இந்த இரண்டு பெயர்களும் சரியாக வந்தால் தமிழ்நாட்டில் பெரும்பாலான பெயர்கள் சரியாக வந்துவிடும்.

வாடகையும் சொந்த வீடும்

இலவசமாகக் கிடைத்ததெல்லாம் இலவசமாகவே நீடிக்கவில்லை. 2018-இல் கூகுள் தன் வரைபடச் சேவையின் கட்டணத்தை மாற்றியமைத்தபோது, அதை நம்பித் தளம் நடத்திய சிறு நிறுவனங்கள் பல வேறு வழி தேட ஆரம்பித்தன. வெக்டர் வரைபடத்தைப் பரவலாக்கிய மேப்பாக்ஸ் நிறுவனம், தன் வரைகலை நிரலின் இரண்டாம் பதிப்பை 2020 டிசம்பரில் மூடிய உரிமத்தில் வெளியிட்டது. அதற்கு முந்தைய பதிப்பு திறந்த நிரல். அதை எடுத்துக்கொண்டு நிரலாளர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். அதுதான் மேப்லிப்ரே. பிறகு பெரிய நிறுவனங்களே அதற்கு ஆதரவு தரத் தொடங்கின. 2025 தொடக்கத்தில் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் வரைபடத்தை உருண்டையாகவும் காட்டலாம்.

இந்தியாவில் 2024-இல் ஒரு விலைப்போர் நடந்தது. ஓலா நிறுவனம் கூகுளை விட்டு விலகிச் சொந்த வரைபடத்துக்கு மாறியது. நிரலாளர்களுக்கு ஓராண்டு இலவசம் என்றது. அதே மாதத்தில் கூகுள் இந்தியாவுக்கான கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைப்பதாக அறிவித்தது. வாடகை குறைந்தது நல்லதுதான். ஆனால் வாடகை எப்போது கூடும், எப்போது குறையும் என்பது குடியிருப்பவர் கையில் இல்லை. சொந்தமாக ஒன்றைக் கட்டிக்கொள்ளும் வழிதான் அடுத்து வந்தது.

ஒரே கோப்பில் ஒரு மாவட்டம்

வரைபடத்தைச் சொந்தமாக நடத்துவதில் செலவு பிடித்தது சர்வர்தான். தரவுத்தளம் ஒன்று, துண்டு வெட்டித் தரும் நிரல் ஒன்று, இரண்டையும் இரவுபகலாகக் கவனிக்க ஆள் ஒருவர். பிரான்டன் லியூ உருவாக்கிய பிஎம்டைல்ஸ் என்ற கோப்பு வடிவம் இந்த மூன்றையும் வேண்டாமென்றது. லட்சக்கணக்கான துண்டுகளையும் ஒரே கோப்பில் அடுக்கி, அந்தக் கோப்பைச் சும்மா ஒரு சேமிப்பகத்தில் போட்டுவிட வேண்டியதுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று அருகில் போய்ப் பார்க்கலாம். இணையத்தில் ஒரு கோப்பைக் கேட்கும்போது முழுதாகத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனையாவது பைட் வரை கொடு என்றும் கேட்கலாம். வீடியோவை நடுவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடிவது இந்த வசதியால்தான். பிஎம்டைல்ஸ் கோப்பின் முதல் 127 பைட்டுகள் தலைப்பு. அதையும் முதன்மை அட்டவணையையும் சேர்த்து முதல் 16,384 பைட்டுகளுக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது விதி. உலாவி முதலில் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் வாங்கிக்கொள்ளும். கும்மிடிப்பூண்டித் துண்டு கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அட்டவணை சொல்லும். அந்த நீளத்தை மட்டும் அடுத்த கோரிக்கையில் கேட்கும். சேமிப்பகம் 206 என்ற குறியோடு பதில் தரும். ‘நீ கேட்ட பகுதி மட்டும்’ என்று அதற்குப் பொருள். அந்தப் பக்கம் எந்த மென்பொருளும் ஓடவில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களின் துண்டுகள் கோப்பிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்படி ஹில்பர்ட் வளைகோடு என்ற கணித வரிசையில் அடுக்கியிருப்பதால், இரண்டு மூன்று துண்டுகளை ஒரே மூச்சில் வாங்கிவிடவும் முடிகிறது.

இதே தந்திரம் மற்ற தரவுகளுக்கும் பரவியிருக்கிறது. அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் நான்கும் சேர்ந்து 2022 டிசம்பரில் தொடங்கிய ஓவர்ச்சர் அறக்கட்டளை, உலகம் முழுவதற்குமான கட்டடங்கள், சாலைகள், இடங்கள் பற்றிய தரவை ஜியோபார்க்கே என்ற வடிவில் வெளியிடுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் நான்கு எல்லை எண்களைக் கொடுத்தால், முழுக் கோப்புகளையும் இறக்காமல் அந்த மாவட்டத்துக் கட்டடங்களை மட்டும் உருவி எடுத்துவிடலாம்.

செயற்கைக்கோள் படங்களும் இப்போது துண்டு துண்டாக எடுக்கும்படி உள்ளே அடுக்கப்பட்டே வருகின்றன. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். ஒரு புள்ளி 30 மீட்டர். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் தருகின்றன. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஆகிய இரண்டு ஏரிகளை இணைத்து, 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் சென்னைக் குடிநீருக்காகக் கட்டிய நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்டது. அந்த இடத்தின் பழைய லேண்ட்சாட் படத்தையும் திறப்புக்குப் பிந்தைய படத்தையும் உலாவியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தனித்தனியாக இருந்த ஏரிகளும் அவற்றுக்கு நடுவே இருந்த நிலமும் ஒரே நீர்ப்பரப்பானதைப் பார்க்கலாம். பத்தாண்டுகளுக்கு முன் இதற்குத் தொலையுணர்வு ஆய்வகத்துக்குப் போக வேண்டியிருக்கும். இன்று ஒரு பள்ளி ஆசிரியர் வகுப்பறையில் காட்டிவிடலாம்.

சர்வே கல் எங்கே இருக்கிறது?

இதுவரை சொன்னதெல்லாம் காட்டும் கலை. காட்டப்படும் கோடு சரியா என்பது வேறு கேள்வி.

தமிழ்நாட்டில் நிலத்தின் எல்லையைச் சொல்லும் அடிப்படை ஆவணம் புலப்படம், சர்வேயர்கள் எஃப்.எம்.பி. என்பார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு தாள். நிலத்தின் குறுக்கே ஜி-கோடு என்ற அடிப்படைக் கோட்டை இழுத்து, அதிலிருந்து செங்குத்தாக இருபுறமும் எல்லை வளைவுகளுக்கு எத்தனை தூரம் என்று ஏணிபோலக் குறித்துக்கொண்டே போவது அதன் முறை. அந்தக் காலத்தில் 66 அடிச் சங்கிலியால் அளந்தார்கள். பிறகு மீட்டருக்கு மாறினார்கள். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் உரிமையாளர் பெயர்களும் உட்பிரிவுகளும் புதுப்பிக்கப்பட்டன. தேசியத் தகவலியல் மையத்தின் கொலாப்லேண்ட் மென்பொருள் மூலம் இந்த அளவுகள் கணினிக்கு ஏறின. இப்போது வீட்டிலிருந்தே பட்டாவையும் புலப்படத்தையும் இறக்கிக்கொள்கிறோம். மாநில மின்னாளுமை முகமையின் டி.என்.ஜி.ஐ.எஸ். தளத்தில் சர்வே எண் எல்லைகளைச் செயற்கைக்கோள் படத்தின் மேலேயே பார்க்கலாம்.

சிக்கல் இந்த ‘மேலேயே’ என்பதில் இருக்கிறது. புலப்படத்தில் அட்சரேகையும் கிடையாது, தீர்க்கரேகையும் கிடையாது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் இத்தனை தூரம் என்று மட்டும்தான் அது சொல்லும். ஒரு கிராமத்தின் சில நூறு தாள்களை ஒட்டி, அதைப் பூமி உருண்டையில் சரியான இடத்தில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும். செயற்கைக்கோள் படமே சில மீட்டர் தள்ளி இருக்கலாம். திரையில் பார்க்கும்போது வரப்பு ஓர் இடத்திலும் சர்வே கோடு இன்னோர் இடத்திலும் ஓடுவது இதனால்தான். கூலிக்கு உழுகிறவருக்கு வரப்பு எங்கே என்று தெரியும்; மேப்லிப்ரேவுக்குத் தெரியாது. அது கொடுத்த கோட்டை 58 சென்டிமீட்டர் நுணுக்கத்தில் அழகாக வரையும். கோடு ஐந்து மீட்டர் தள்ளியிருந்தால், ஐந்து மீட்டர் தள்ளியே அழகாக வரையும்.

தொழிற்பேட்டைகளை ஒட்டிய கிராமங்களில் இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. ஏரிப் புறம்போக்கு எங்கே முடிகிறது, மேய்க்கால் எங்கே தொடங்குகிறது, வரத்துக் கால்வாய் யாருடைய பட்டாவுக்குள் வருகிறது என்ற கேள்விகளெல்லாம் இரண்டு மூன்று மீட்டரில் தீர்மானமாகின்றவை.

நீர்நிலைகளில் சிக்கல் இன்னும் கூடும். பழவேற்காடு ஏரி நீர்மட்டத்தைப் பொறுத்து ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டரிலிருந்து 450 வரை விரிந்து சுருங்குவதாகச் சொல்கிறார்கள். வரைபடத்தில் அதற்கு ஒரே ஒரு நீலக்கரை. அது கார்த்திகை மாதத்துக் கரையா, சித்திரை மாதத்துக் கரையா? தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் இந்தக் கேள்வி வழக்கு வரை போயிருக்கிறது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடம் காட்டும் கழிமுகத்தைப் பின்னால் வந்த வரைபடம் காட்டவில்லை என்பது அங்குள்ள மீனவர்களும் சூழலியல் செயற்பாட்டாளர்களும் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் புகார். வரைபடத்தில் இல்லாத நீரைப் பாதுகாக்கச் சட்டத்தால் முடியாது.

அனுமதியும் புது முகவரியும்

அண்மைக் காலம் வரை, இந்தியாவில் நுணுக்கமாக அளந்து வரைபடம் வெளியிட நினைத்தவர் பல அலுவலகங்களின் படியேற வேண்டியிருந்தது. 2016-இல் முன்வைக்கப்பட்ட ஒரு சட்ட வரைவு, அனுமதியற்ற வரைபடத் தரவுக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்றது, அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரி 15 அன்று அறிவியல், தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் காற்றைத் திருப்பிவிட்டன. இந்திய நிறுவனங்களும் தனிநபர்களும் முன் அனுமதியின்றி அளக்கலாம், வரையலாம், வெளியிடலாம். கிடைமட்டத்தில் ஒரு மீட்டரையும் செங்குத்தில் மூன்று மீட்டரையும் விட நுணுக்கமான தரவை உருவாக்கும் உரிமை மட்டும் இந்தியர்களுக்கே உரியது. அதை இந்தியாவுக்குள்தான் சேமிக்க வேண்டும். 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கையும் வந்தது.

2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் முறையை வெளியிட்டது. நாட்டைச் சுற்றி 36 பாகைக்கு 36 பாகை அளவில் ஒரு பெட்டி. அதைப் பதினாறாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து அல்லது எண். ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறாக. பத்து முறை பிரித்தால் சுமார் நான்கு மீட்டர் சதுரம். அதன்படி கும்மிடிப்பூண்டியின் குறியீடு 4-டி-சி என்று தொடங்குகிறது. திருவள்ளூர் நகரமும் சென்னையும் 4-டி-3 என்று. இந்தக் கணக்கைச் செய்ய இணைய இணைப்பே வேண்டாம். நிரல் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. கதவு எண்ணும் தெருப்பெயரும் ஒழுங்காக இல்லாத தொழிற்பேட்டை ஓரக் குடியிருப்புகளுக்கு ஆம்புலன்ஸை அழைக்க இது உண்மையிலேயே பயன்படும்.

கூரைக்குக் கீழே

கும்மிடிப்பூண்டியில் எஃகு உருட்டாலைகளும் ரசாயன ஆலைகளும் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஓர் ஆலையில் வாயு கசிந்தால் இரண்டு கிலோமீட்டருக்குள் எத்தனை கட்டடங்கள் என்ற கேள்விக்கு, இந்த அத்தியாயத்தில் சொன்ன கருவிகளை வைத்துக்கொண்டு உலாவியிலேயே ஒரு நொடியில் விடை காணலாம். செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினியே கண்டெடுத்த கூரைகள் அவை. ஒரு கூரைக்குக் கீழே குடும்பம் நான்கு பேரா, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நாற்பது பேரா என்று எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. அதை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். ஊராட்சி அலுவலகத்தாலும் சுகாதாரப் பணியாளர்களாலும்தான் அது முடியும்.

வரைபடத்தைக் காட்டும் சிக்கல் தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். பணமும் உழைப்பும் இனி அளவைக்குப் போக வேண்டும்: சர்வே கற்களைத் தேடி, சில சென்டிமீட்டர் துல்லியம் தரும் நிலையான ஜி.பி.எஸ். நிலையங்களின் துணையோடு மறுபடி அளப்பதற்கு. அளந்ததை எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து வைப்பதற்கு.

நிரலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு அடுக்கின் மேலும் மூன்று விவரங்களைத் தமிழில் எழுதுங்கள்: தரவு யாருடையது, எந்தத் தேதியில் எடுத்தது, எத்தனை மீட்டர் வரை பிசகலாம். ஒரு வரிதான், அந்த ஒரு வரி பல தகராறுகளைத் தடுக்கும். வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: கைப்பேசியில் தெரியும் கோட்டை நம்பி நிலம் வாங்காதீர்கள், வேலியும் போடாதீர்கள். பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துக்கொண்டு, சர்வேயரை அழைத்து, கல் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.